அச்சடிக்காத அச்சுச் சாவி: ஸ்கிரீன்ஷொட் வந்த வழி

இது கொஞ்சம் நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

எமது கணினிச் சாவிப்பலகையின் வலப்பக்க மேல் வரிசையில் "பிரின்ட் ஸ்கிரீன்" என்று ஒரு சாவி இருக்கிறது. சிலவற்றில் இடமில்லாமல் சுருக்கி எழுதியிருப்பார்கள். "திரையை அச்சிடு" என்பது அதன் பொருள். ஆனால் அதை அழுத்தினால் அச்சுப்பொறியிலிருந்து ஒரு தாளும் வருவதில்லை. தகவல் தொழினுட்பப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களிடம் பிள்ளைகள் கட்டாயம் ஒரு தடவையாவது கேட்கும் கேள்வி இது: "அச்சடிக்காத சாவிக்கு ஏன் சேர் இந்தப் பெயர்?"

நல்ல கேள்வி. பதில் நாற்பது வருடங்களுக்கு மேற்பட்ட ஒரு வரலாறு. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால், இன்று எம் கைப்பேசிகளில் நாளாந்தம் வந்து குவியும் ஸ்கிரீன்ஷொட்டுகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதும் விளங்கும். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

கமராவால் திரையைப் பிடித்த காலம்

கணினிக்குத் திரை இருந்தும் அந்தத் திரையில் தெரிவதைச் சேமிக்க வழியில்லாத ஒரு காலம் இருந்தது. 1948 ஜூன் 21ஆம் திகதி இங்கிலாந்தின் மன்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு சிறிய சோதனைக் கணினி, தன் நினைவகத்தில் சேமித்து வைத்த நிரலை முதன்முதலாக இயக்கியது. "பேபி" என்பது அதன் செல்லப் பெயர். அதன் நினைவகம் ஒரு கதோட்டுக் கதிர்க் குழாய், அதாவது பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் குழாய் போன்ற ஒன்று. 32 வரிகள், வரிக்கு 32 பிட்டுகள், மொத்தமாக 1024 பிட்டுகள். விடை என்ன என்று அறிய வேண்டுமென்றால், இன்னொரு குழாயின் முகப்பில் தெரியும் ஒளிப்புள்ளிகளைக் கண்ணால் பார்த்து வாசிக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்தினால் எல்லாம் போய்விடும். விடையைத் தாளில் எழுதிக்கொள்ளலாம், அல்லது கமராவால் ஒரு படம் பிடிக்கலாம். வேறு வழியில்லை.

அதே 1948 நவம்பரில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் எட்வின் லேண்டின் பொலரொய்ட் கமரா விற்பனைக்கு வந்தது. படம் பிடித்துச் சற்று நேரத்திலேயே கையில் படம் கிடைக்கும் கமரா அது. குடும்பப் படங்களுக்காகச் சந்தைக்கு வந்தாலும், ஆய்வுகூடங்களில் அதற்கு வேறொரு வேலை காத்திருந்தது. அலைகாட்டித் திரையில் நொடிப்பொழுதில் தோன்றி மறையும் அலைகளைப் பதிவு செய்ய எஞ்சினியர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். வெளிச்சம் புகாதபடி திரையையும் கமராவையும் இணைக்கும் ஒரு கூம்புக் கூடும் அதற்கெனச் செய்யப்பட்டது.

1963இல் ஐவன் சதர்லண்ட் என்ற ஆய்வு மாணவர் எம்.ஐ.டி.யில் தன் கலாநிதிப் பட்ட ஆய்வை முடித்தார். ஒளிப்பேனாவால் கணினித் திரையிலேயே கோடு வரையும் "ஸ்கெட்ச்பேட்" என்ற மென்பொருள் அது. அந்தப் புதுமையை உலகத்துக்குக் காட்டியதும் கமராப் படங்கள்தான். இன்று நாம் வரலாற்று நூல்களில் காணும் முதற்காலக் கணினித் திரைகளில் பெரும்பாலானவை திரைக்கு முன்னே கமராவை வைத்துப் பிடித்தவை.

இந்தப் பழக்கம் ஆய்வுகூடத்தோடு நிற்கவில்லை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வீட்டு வீடியோ விளையாட்டுகளை விற்ற அக்டிவிஷன் நிறுவனம், குறித்த புள்ளிகளை எடுத்தவர்கள் தம் தொலைக்காட்சித் திரையைப் படம்பிடித்துத் தபாலில் அனுப்பினால் ஒரு துணிப் பட்டியைப் பரிசாக அனுப்பியது. "பிட்ஃபோல்" என்ற விளையாட்டுக்கு 20,000 புள்ளிகள் தேவை. பிள்ளைகள் அறையை இருட்டாக்கி, தந்தையின் கமராவை எடுத்து, பிளாஷ் விழாமல் படம்பிடித்து, ஃபிலிமைக் கழுவக் கொடுத்துக் காத்திருந்தார்கள். "நான் கண்டதற்குச் சாட்சி இந்தப் படம்" என்று சாதாரண மக்கள் ஒரு திரைப் படத்தை இன்னொருவருக்கு அனுப்பிய முற்கால உதாரணங்களில் இதுவும் ஒன்று. இந்தச் "சாட்சி" என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் தேவைப்படும்.

உண்மையாகவே அச்சடித்த சாவி

1981 ஆகஸ்ட் 12ஆம் திகதி ஐபிஎம் நிறுவனம் தன் பெர்சனல் கம்பியூட்டரை வெளியிட்டது. அதன் சாவிப்பலகையில் 83 சாவிகள். அவற்றில் ஒன்றில் நட்சத்திரக் குறியும் பிரின்ட் ஸ்கிரீன் என்பதன் சுருக்கமும் சேர்ந்து பொறிக்கப்பட்டிருந்தன. ஷிப்ட் சாவியோடு அதை அழுத்தினால், திரையில் இருந்த எழுத்துகள் அப்படியே அச்சுப்பொறியில் அச்சாகும். பெயர் அன்று சரியான பெயர்தான்.

உள்ளே நடந்தது இதுதான். அன்றைய எழுத்துத் திரையில் 25 வரிகள், வரிக்கு 80 எழுத்துகள், மொத்தம் 2000 இடங்கள். சாவியை அழுத்தியதும் 5ஆம் இலக்க "இன்டரப்ட்" கிளம்பும். ஒரு வேலையின் நடுவே, "அதை வைத்துவிட்டு இதைச் செய்" என்று செயலிக்குச் சொல்லும் குறுக்கீட்டு அழைப்பு அது. உடனே கணினியின் நிரந்தர நினைவகத்தில் இருந்த சிறிய நிரல், திரையின் 2000 இடங்களையும் ஒவ்வொன்றாக வாசித்து அச்சுப்பொறிக்கு அனுப்பும். அங்கே படம் என்று ஒன்றே இல்லை, எழுத்துகளின் பிரதி மட்டும்தான். வரைபடம் உள்ள திரையையும் அச்சிட வேண்டுமென்றால், பின்னர் வந்த டொஸ் 2.0இல் "கிராஃபிக்ஸ்" என்ற தனிக் கட்டளையை முதலில் இயக்கி வைக்க வேண்டும்.

இதில் ஒரு சுவையான சங்கதி உண்டு. முதல் 32 இன்டரப்ட் இலக்கங்களையும் எதிர்காலத் தேவைக்காகத் தனக்கே ஒதுக்கி வைத்திருப்பதாகச் செயலியைச் செய்த இன்டெல் நிறுவனம் சொல்லியிருந்தது. ஐபிஎம் அதைப் பொருட்படுத்தாமல் 5ஆம் இலக்கத்தைப் பிரின்ட் ஸ்கிரீனுக்கு எடுத்துக்கொண்டது. அடுத்து வந்த செயலிகளில் இன்டெல் அதே 5ஆம் இலக்கத்தை, ஓர் எண் அனுமதித்த எல்லையைத் தாண்டினால் எழுப்பும் எச்சரிக்கைக்குக் கொடுத்துவிட்டது. ஒரே வாசலுக்கு இரண்டு அழைப்பு மணிகள் வைத்தது போல. எல்லை தாண்டிய பிழை ஒன்று நேர்ந்தால் கணினி திரையை அச்சடிக்கத் தொடங்கும் விநோதம் இதனால் உண்டானது. "ஒதுக்கப்பட்டது" என்று எழுதியிருக்கும் இடத்தில் ஏன் கை வைக்கக் கூடாது என்று மாணவருக்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

தாளிலிருந்து கோப்புக்கு

திரையைத் தாளில் அச்சிடுவது வேறு, கோப்பாகச் சேமிப்பது வேறு. இரண்டாவதைச் சாதாரணப் பாவனையாளரின் கைக்குக் கொண்டுவந்ததில் அப்பிளின் மெக்கின்டொஷ் கணினிக்குப் பெரிய பங்குண்டு. 1984 ஜனவரி 24ஆம் திகதி வெளிவந்த அந்தக் கணினியில் கொமாண்ட், ஷிப்ட், 3 ஆகிய சாவிகளைச் சேர்த்து அழுத்தினால் திரை முழுவதும் ஒரு மெக்பெயின்ட் படமாக டிஸ்க்கில் விழும். 3க்குப் பதில் 4ஐ அழுத்தினால் அச்சுப்பொறிக்குப் போகும். அதாவது "சேமி" என்பதும் "அச்சிடு" என்பதும் இங்கே இரண்டு தனித்தனி விருப்பங்களாகப் பிரிந்தன. நாற்பது வருடங்கள் கழிந்தும் இன்றைய மெக் கணினிகளில் முழுத் திரையைப் பிடிக்க அதே கொமாண்ட், ஷிப்ட், 3தான்.

ஏன் 1984இல் இது முடிந்தது? மெக்கின்டொஷின் திரை முழுவதும் புள்ளிகளால் ஆனது. குறுக்காக 512, நெடுக்காக 342. ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு அல்லது வெள்ளை. எழுத்தும் புள்ளிதான், படமும் புள்ளிதான். பெருக்கிப் பாருங்கள்: 175,104 புள்ளிகள். புள்ளிக்கு ஒரு பிட் என்றால் 21,888 பைட்டுகள். திரையில் தெரிவது ஏற்கனவே நினைவகத்தில் இந்த வடிவில் இருக்கிறது. அதை அப்படியே ஒரு கோப்பில் ஊற்றினால் போதும், கமராவே தேவையில்லை. அந்நாளில் இதைத் திரையைக் "கொட்டுதல்" என்ற பொருளில் "ஸ்கிரீன் டம்ப்" என்றே பலர் அழைத்தார்கள். பொருத்தமான பெயர்.

ஒப்பீட்டுக்கு: இன்றைய சாதாரண 1920க்கு 1080 திரையில் புள்ளிக்கு 3 பைட் வீதம் 6,220,800 பைட்டுகள். 1984இன் திரையைப் போல 284 மடங்கு. கணிதப் பாட ஆசிரியர்கள் இதை அப்படியே வகுப்பில் பயன்படுத்தலாம்.

பிடித்தது எங்கே போனது?

எமது நாட்டில் பலரும் பழகியது விண்டோஸ். 1990 மே மாதம் வெளிவந்த விண்டோஸ் 3.0 பரவலான காலத்தில், பிரின்ட் ஸ்கிரீன் சாவியின் வேலை மாறியிருந்தது. அழுத்தினால் அச்சாகாது. கோப்பும் உண்டாகாது. திரையின் படம் "கிளிப்போர்ட்" என்ற தற்காலிக இடத்துக்குப் போகும். அங்கிருந்து பெயின்ட்பிரஷ் மென்பொருளைத் திறந்து, ஒட்டி, பெயர் கொடுத்துச் சேமிக்க வேண்டும். ஓல்ட் சாவியோடு சேர்த்து அழுத்தினால் வேலை செய்துகொண்டிருக்கும் சாளரம் மட்டும் வரும். பெயர் பழையது, வேலை புதியது. ஊர்களில் "பழைய சந்தை" என்று ஓர் இடம் இருக்கும், அங்கே இப்போது சந்தையே இராது. இந்தச் சாவியின் கதையும் அதுதான்.

இந்தக் கிளிப்போர்ட்டில்தான் எத்தனையோ பேர் ஏமாந்தார்கள். அது ஒன்றை மட்டுமே வைத்திருக்கும். அடுத்ததாக ஒரு சொல்லைப் பிரதி செய்தாலும் முன்னிருந்த படம் போய்விடும். கணினியை நிறுத்தினாலும் போய்விடும். "எடுத்தேன் சேர், ஆனால் காணவில்லை" என்று பிள்ளைகள் சொல்வது பெரும்பாலும் இதனால்தான். எடுப்பதும் சேமிப்பதும் இரண்டு வேலைகள். 2007இல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்த "ஸ்னிப்பிங் டூல்" வேண்டிய பகுதியை மட்டும் வெட்டியெடுக்க வழி செய்தது. 2012இல் விண்டோஸ் 8தான் விண்டோஸ் சாவியையும் பிரின்ட் ஸ்கிரீனையும் சேர்த்து அழுத்தினால் "ஸ்கிரீன்ஷொட்ஸ்" என்ற கோப்புறையில் தானாகவே சேமிக்கும் வசதியைத் தந்தது. 1984இல் மெக்கின்டொஷ் செய்ததை விண்டோஸ் தானாகச் செய்ய 28 வருடங்கள்!

எந்த உருவில் சேமிப்பது?

அன்றைய டிஸ்க்குகளில் இடம் மிகக் குறைவு. 640க்கு 480 புள்ளிகளும் 16 நிறங்களும் கொண்ட ஒரு விண்டோஸ் திரையைச் சுருக்காத பிட்மெப் கோப்பாகச் சேமித்தால் 153,600 பைட்டுகளுக்குச் சற்று மேலே வரும். 1.44 மெகாபைட் பிளொப்பி ஒன்றில் ஒன்பது படங்கள்தான் கொள்ளும். 256 நிறங்கள் என்றால் நான்கு. ஆகவே சுருக்கும் முறைகள் தேவைப்பட்டன.

1987இல் கொம்பியுசேர்வ் நிறுவனம் "ஜிஃப்" வடிவத்தைக் கொண்டு வந்தது. 1992இல் "ஜேபெக்" தரநியமம் ஆனது. ஜேபெக் புகைப்படத்துக்கென்றே உருவானது. படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சதுரங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுணுக்கங்களைக் கழித்துவிடும். கடற்கரைப் படத்துக்கு அது நன்று. கூரான விளிம்புள்ள எழுத்துக்கு அது கேடு. எழுத்தைச் சுற்றி ஈ மொய்த்தது போல அழுக்குப் புள்ளிகள் தோன்றும். தமிழில் மெய்யெழுத்தின் புள்ளி, கொம்பு, சுழி எல்லாம் சிறியவை. அவைதான் முதலில் கலங்கும்.

ஜிஃப் வடிவத்துக்கு வேறு சிக்கல் வந்தது. அதன் சுருக்கும் முறைக்கு யுனிசிஸ் நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது. 1994 டிசம்பர் இறுதியில், அதைப் பயன்படுத்தும் மென்பொருளாளர்கள் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற அறிவிப்பு வெளியானது. கோபம் கொண்ட நிரலாளர்கள் 1995 ஜனவரியிலேயே இணையத்தில் ஒன்றுகூடி மாற்று வடிவம் ஒன்றை உருவாக்கத் தொடங்கினார்கள். அதுதான் "பிஎன்ஜி". 1996 ஒக்டோபர் 1ஆம் திகதி உலகளாவிய வலைக் கூட்டமைப்பு அதைத் தன் பரிந்துரையாக வெளியிட்டது. சுருக்கும்போது ஒரு புள்ளியைக் கூட இழக்காதது, யாருக்கும் கட்டணம் செலுத்தத் தேவையில்லாதது. இன்று கணினிகள் ஸ்கிரீன்ஷொட்டை வழமையாகச் சேமிப்பது இந்த வடிவில்தான்.

ஆனால் நாம் அதை வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பியதும் மீண்டும் ஜேபெக் ஆகச் சுருக்கப்படுகிறது. அதை ஒருவர் மறுபடியும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து இன்னொருவருக்கு, அவர் வேறொருவருக்கு. பத்துக் கை மாறிய சுற்றறிக்கையில் திகதி 3ஆ 8ஆ என்று தெரியாமல் போவது இப்படித்தான். தெளிவு தேவையானால் "டொகுமென்ட்" ஆக இணைத்து அனுப்புங்கள். அப்படி அனுப்பினால் கோப்பு மாறாமல் போய்ச் சேரும்.

கைப்பேசியும் எம் தமிழும்

2008 ஜூலையில் ஐபோனின் இரண்டாவது இயங்குதளத்தோடு, இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தித் திரையைப் பிடிக்கும் வசதி வந்தது. அன்ட்ரொய்ட் கைப்பேசிகளுக்கு 2011 ஒக்டோபரில் அறிமுகமான 4.0 பதிப்போடு வந்தது. அதற்கு முன் பெரும்பாலான அன்ட்ரொய்ட் கைப்பேசிகளில் திரையைப் பிடிக்கக் கணினியோடு இணைத்து, நிரலாளருக்கான கருவிகளை நிறுவ வேண்டியிருந்தது. அதன் பின்னர் ஸ்கிரீன்ஷொட் எல்லோருக்கும் ஒரு பேச்சு மொழி போல ஆகிவிட்டது.

எம் தமிழுக்கு இதில் ஒரு தனிக் கதை உண்டு. யுனிகோட் பரவுவதற்கு முன், எமது நாட்டில் தமிழ் தட்டச்சு என்றால் பெரும்பாலும் பாமினி போன்ற எழுத்துருக்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதில் பொருளில்லாத ஆங்கில எழுத்துகள்தான் வரும். ஆகவே தமிழைப் படமாக்கி அனுப்புவது அன்று ஒரு நல்ல தீர்வு. எந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் படம் படமாகவே தெரியும்.

யுனிகோட் வந்த பிறகும் அந்தப் பழக்கம் எம்மை விடவில்லை. கொரோனாக் காலத்தில், 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டதும், பாடங்கள் வட்ஸ்அப்புக்கும் ஸூமுக்கும் மாறின. பாடக்குறிப்பு ஸ்கிரீன்ஷொட்டாகப் போனது, விடை ஸ்கிரீன்ஷொட்டாக வந்தது, வரவு கூட ஸ்கிரீன்ஷொட்டாக எடுக்கப்பட்டது. டேட்டா வாங்க வசதியில்லாத வீடுகளுக்கு, ஒரு மணி நேர வகுப்பின் பத்துத் திரைகளைப் படமாக அனுப்புவதே பாடமாக இருந்தது. அதை நாம் குறைவாக மதிக்க முடியாது.

எனினும் இழப்பு ஒன்று இருக்கிறது. எழுத்தைப் படமாக்கினால் அது எழுத்தாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. தேட முடியாது. பிரதி செய்ய முடியாது. பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்குத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள், படத்துக்குள் இருக்கும் எழுத்தில் தடுமாறும். எமது குழுக்களில் எத்தனை வருடப் பாடக்குறிப்புகள், ஊர் வரலாறுகள், மரணச் செய்திகள், பழைய மாணவர் நினைவுகள் இப்படிப் படங்களாகக் கிடக்கின்றன! கைப்பேசி மாறும்போது அவற்றில் பெரும்பகுதி போய்விடும். மீதியில் எதையும் தேடி எடுக்க முடியாது. அடுத்த தலைமுறை எம் ஊர்களின் வரலாற்றை எழுத உட்காரும்போது "ஐஎம்ஜி" என்று தொடங்கும் பெயரில்லாத பல்லாயிரம் கோப்புகளைத்தான் காணும்.

சாட்சி என்ற சொல்

இனி, முன்னே சொன்ன அந்தச் சொல்லுக்கு வருவோம்.

2019 மே 12ஆம் திகதி சிலாபத்தில் நடந்தது எமக்கு மறக்காது. உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்கள் நடந்து மூன்று வாரங்கள். நாடு முழுவதும் அச்சமும் துக்கமும். பேஸ்புக்கில் ஒரு முஸ்லிம் வியாபாரி ஆங்கிலத்தில் எழுதிய ஒரு குறுகிய பதில் ஸ்கிரீன்ஷொட்டாகப் பரவியது. அதிகம் சிரிக்க வேண்டாம், ஒரு நாள் அழ நேரும் என்ற கருத்துப்பட இருந்த அந்த வரியைச் சிலர் வரப்போகும் தாக்குதலுக்கான மிரட்டலாக வாசித்தார்கள். பள்ளிவாசல் மீதும் முஸ்லிம்களின் கடைகள் மீதும் கல்லெறி நடந்தது. ஊரடங்கு போடப்பட்டது. எழுதியவர் கைது செய்யப்பட்டார். மறுநாள் வன்முறை வடமேல் மாகாணத்தின் வேறு ஊர்களுக்கும் மினுவாங்கொடைக்கும் பரவியது. புத்தளம் மாவட்டத்தில் ஒருவர் கொல்லப்பட்டார். அரசாங்கம் சமூக ஊடகங்களைத் தற்காலிகமாக முடக்கியது.

அந்தப் படம் போலியானது அல்ல. வார்த்தைகள் அவர் எழுதியவையே. யார் யாரோடு, எந்த மனநிலையில், என்ன அர்த்தத்தில் பேசினார் என்பதுதான் படத்தில் இல்லை. அந்த இடைவெளியை ஒவ்வொருவரும் தம் அச்சத்தால் நிரப்பினார்கள். உண்மையான ஸ்கிரீன்ஷொட் ஒன்றே இந்த அளவுக்கு எரியூட்டுமானால், போலியானது என்ன செய்யாது?

போலி செய்வது எவ்வளவு எளிது என்பதையும் தெரிந்திருக்க வேண்டும். கணினியின் எந்த உலாவியிலும் நிரலாளருக்கான கருவி ஒன்று உண்டு. இணையத்தளம் செய்வோர் தம் வேலையைச் சரிபார்க்க உருவானது. அதைத் திறந்து எந்தப் பக்கத்தின் எந்தச் சொல்லையும் தம் திரையில் மட்டும் மாற்றலாம். உண்மையான பக்கம் மாறாது. ஆனால் அந்த நேரத்தில் ஸ்கிரீன்ஷொட் எடுத்தால் புள்ளிக்குப் புள்ளி அசல் போலவே இருக்கும். எழுத்துருவிலும் நிறத்திலும் பிழை தேடிப் பயனில்லை, ஏனெனில் அதே உலாவிதான் அதையும் வரைந்தது. ஒரு ஸ்கிரீன்ஷொட் அந்த நேரத்தில் ஒரு திரையில் இப்படித் தெரிந்தது என்று மட்டுமே சொல்லும். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாது.

சட்டமும் இதை அறியும். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம் கணினிச் சான்றுகளை நீதிமன்றத்தில் ஏற்க வழி செய்தது. ஆனால் சும்மா ஏற்பதில்லை. எதிர்த்தரப்புக்கு முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும், அந்தச் சான்றையும் அது வந்த கருவியையும் பரிசீலிக்க இடமளிக்க வேண்டும். நீதிமன்றம் இத்தனை நிபந்தனை விதிக்கும் ஒன்றை, நாம் வட்ஸ்அப் குழுவில் மூன்று வினாடிகளில் தீர்ப்பாக மாற்றிவிடுகிறோம்.

வெட்டியது போய்விட்டதா?

இன்னொரு பாடம் 2023 மார்ச்சில் வந்தது. கூகுளின் பிக்சல் கைப்பேசிகளில் ஸ்கிரீன்ஷொட்டை வெட்டிச் சேமித்தால், வெட்டி எறிந்த பகுதியின் தரவு கோப்பின் வாலில் மிஞ்சியிருக்கிறது என்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதை வைத்து மறைத்த பகுதியை ஓரளவு மீட்கவும் முடிந்தது. சில நாட்களில் விண்டோஸின் வெட்டும் கருவியிலும் இதே குறை இருப்பது தெரிய வந்தது.

காரணம் மிகச் சிறியது. ஒரு கொப்பியில் இருபது வரிகள் இருக்கின்றன. அவற்றின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, புதிதாகப் பத்து வரிகள் எழுதுகிறீர்கள். முதல் பத்து வரிகள் மூடப்பட்டன. மிகுதிப் பத்து? அப்படியே கிடக்கும். அந்த மென்பொருள்களும் பெரிய கோப்பின் மேல் சிறிய கோப்பை எழுதிவிட்டு, மீதி நீளத்தைக் கத்தரிக்க மறந்துவிட்டன. படம் காட்டும் மென்பொருள் புதிய படத்தின் முடிவோடு நின்றுவிடுவதால் யார் கண்ணிலும் படவில்லை. இரண்டு நிறுவனங்களும் திருத்தம் வெளியிட்டன. ஆனால் அதற்கு முன்னர் பகிரப்பட்ட படங்கள் உலகெங்கும் இருக்கின்றன.

வங்கிச் சீட்டு, அடையாள அட்டை, பிள்ளையின் பெறுபேறு என்று எதையாவது பகிர்வோர் இதைக் கவனிக்க வேண்டும். கைப்பேசியின் ஹைலைட்டர் பேனாவால் கறுப்புப் பூசுவதும் போதாது. அது ஒளி ஊடுருவும் மை. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் உள்ளே இருப்பது தெரியக் கூடும். முழுமையாக மறைக்கும் கட்டத்தை வைத்து மூடி, அந்த மூடிய படத்தைப் புதிதாக ஸ்கிரீன்ஷொட் எடுத்து அதை அனுப்புங்கள். புதிய கோப்பில் பழைய வால் இராது.

சாவியே தேவையில்லாத காலம்

2024 மே 20ஆம் திகதி மைக்ரோசொப்ட் நிறுவனம் "ரீகோல்" என்ற வசதியை அறிவித்தது. சில வினாடிகளுக்கு ஒரு தடவை கணினி தானாகவே திரையைப் பிடித்துச் சேமிக்கும், பின்னர் "போன வாரம் பார்த்த அந்தப் பக்கம்" என்று தேடினால் எடுத்துத் தரும். அறிவித்ததும் பாதுகாப்பு வல்லுநர்கள் எதிர்த்தார்கள். கணினிக்குள் நுழையும் ஒருவர் எமது நாட்களை எல்லாம் படம் படமாக அள்ளிச் செல்லலாமே என்றார்கள். வெளியீடு தள்ளிப்போனது. பாவனையாளர் தாமாக விரும்பி இயக்கினால் மட்டுமே வேலை செய்யும்படியும், சேமிப்பு மறைகுறியாக்கப்படும்படியும் மாற்றி, 2025 ஏப்ரலில்தான் சில வகைப் புதிய கணினிகளுக்குத் தந்தார்கள்.

1948இல் ஒரு திரையைக் காப்பாற்ற மனிதர் கமராவைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. இன்று எதைச் சேமிக்கக் கூடாது என்று தீர்மானிப்பதுதான் மனிதரின் வேலையாகியிருக்கிறது.

நாம் கேட்டுக்கொள்வது

ஸ்கிரீன்ஷொட் எடுக்கும்போது முகவரிப் பட்டையும் திகதியும் படத்துக்குள் வரும்படி எடுங்கள். எடுத்த அன்றே திகதி, விடயம், எங்கிருந்து எடுத்தது என்பவற்றைச் சேர்த்துக் கோப்புக்குப் பெயர் வையுங்கள். எழுத்து முக்கியமானால் எழுத்தாகவே பிரதி செய்து, இணைப்பையும் சேர்த்து வையுங்கள். பக்கம் முக்கியமானால், அழிந்துபோகும் முன் இணைய ஆவணக் காப்பகத்தின் "வேபெக் மெஷின்" தளத்திலும் அதைச் சேமிக்கச் சொல்லலாம். அது இலவசம், திகதியோடு நிற்கும், மூன்றாம் தரப்பின் சாட்சியாகவும் அமையும்.

மற்றவருடைய ஸ்கிரீன்ஷொட் உங்கள் கைக்கு வந்தால் மூன்று கேள்விகள் போதும். மூலப் பக்கம் எங்கே? இதற்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது? இதை எனக்கு அனுப்பியவர் மூலத்தைத் தன் கண்ணால் பார்த்தாரா? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அந்தப் படம் உங்களோடு நிற்கட்டும். முன்னே தள்ள வேண்டாம்.

ஆசிரியர்கள் இதை வகுப்பில் எடுத்துச் சொல்ல விரும்பினால் தாராளமாகப் பயன்படுத்துங்கள், பெயர் போடத் தேவையில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறோம். ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் பகிராமல், எழுத்தாகவே பிரதி செய்து பகிருங்கள். உங்கள் ஊரிலோ பாடசாலையிலோ பழைய திரைப் படங்கள், பாமினிக் காலத்துக் கோப்புகள் ஏதும் இருந்தால் கீழே சொல்லுங்கள். அவற்றை யுனிகோடுக்கு மாற்றி வைக்கும் வேலையைச் சேர்ந்தே செய்யலாம், இன்ஷா அல்லாஹ்.